வெட்டுங்கள், ஆனால் அழிக்காதீர்கள்

"அதை நீக்கிவிட்டார்கள், இனிப் பேச ஒன்றுமில்லை" என்று சொல்லி விவாதங்களை முடித்துவைக்கும் வழக்கம் நம்மவர் மத்தியில் வேரூன்றி வருகிறது. ஒரு கட்டுரை, ஒரு கவிதை, ஒரு முகநூல் பதிவு, ஒரு கடிதம் எதுவாயினும் சரி, காலையில் இருக்கிறது, மாலையில் இல்லை. யார் எடுத்தார், ஏன் எடுத்தார், எந்த வரி பிழையென்று எடுத்தார் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்டவனே சந்தேகத்துக்கு உரியவனாகிறான். இந்த வழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். யாரும் எதையும் எழுதலாம், எவரும் எதிலும் கை வைக்கக்கூடாது என்று வாதாட நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் 2018 மார்ச்சில் திகனையில் வீடு எரிந்தவர்களின் முன்னால் நின்று அதைச் சொல்லட்டும். சில சொற்களை வெட்டத்தான் வேண்டும். வெட்டுவதற்கும் அழிப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் முறைப்பாடு.

பாடசாலையில் வேலை செய்யும் எவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். வரவு இடாப்பில் தவறுதலாக ஓர் அடையாளம் விழுந்துவிட்டால் அதைச் சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. ஒற்றைக் கோடு கீறி, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கவேண்டும். புள்ளிப் பட்டியலுக்கும் பணப் புத்தகத்துக்கும் இதுவே விதி. இது வெறும் அலுவலகச் சடங்கல்ல. பிழையாக எழுதப்பட்டது எது, திருத்தியவர் யார் என்பது பிறகு வரும் ஒருவருக்குத் தெரியவேண்டும். திருத்தியவரே பிழை விட்டிருந்தால் அதையும் திருத்த வழி இருக்கவேண்டும். வெள்ளை மை பூசிய இடத்தில் இந்த இரண்டுக்கும் வழியில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வரவைத் திருத்துவதற்கு இவ்வளவு ஒழுங்கைக் கேட்கும் நாடு, ஒரு மனிதனின் கருத்தை இல்லாமல் செய்வதற்கு ஒரு சுருக்கொப்பத்தையேனும் கேட்பதில்லை.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கந்தோர் வழக்கம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஹதீஸ் கலையின் ஆரம்ப நூல்களில் ஒன்றை எழுதிய பத்தாம் நூற்றாண்டு அறிஞர் ராமஹுர்முஸி பிரதி எழுதுவோருக்கு வகுத்த ஒழுங்கும் இதுவேதான். பிழையான சொல்லின் மேல் அது செல்லாது என்று காட்டும் தெளிவான கோடு கீறவேண்டும், ஆனால் அடியிலுள்ள எழுத்து வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. சுரண்டி எடுப்பதை அக்கலையின் அறிஞர்கள் விரும்பவில்லை. 1245 இல் மறைந்த இப்னு ஸலாஹ் இந்த விதியைத் தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை என்ன செய்தார்கள்? நெருப்பில் போடவில்லை. இப்னுல் ஜவ்ஸி அவற்றைத் திரட்டித் தனி நூலே ஆக்கினார். எது பொய், யார் வழியாக வந்தது, ஏன் பொய் என்று எழுதிவைத்தார். பொய் மறைந்துவிட்டால் அது நாளை வேறு வேடத்தில் வரும், அப்போது அதை அடையாளம் காண ஆளிருக்காது. நபியின் பெயரால் சொல்லப்பட்ட பொய்யையே பதிவில் வைத்துக் காட்டிய மரபு நம்முடையது. அந்த மரபைச் சேர்ந்த நாம் ஒரு கவிஞனின் நான்கு வரியைக் கண்டு ஏன் இவ்வளவு பதறுகிறோம்?

இனி எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "விஷத்தைப் பதிவில் வைப்பதா? திகனையை மறந்துவிட்டீரா?" என்று கேட்கிறார்கள். மறக்கவில்லை. மறக்காததால்தான் இதை எழுதுகிறேன்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவரைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டு, அவர் தடுமாறிச் சொன்னதைப் படம் பிடித்து, அதையே ஒப்புதல் வாக்குமூலமாகப் பரப்பினார்கள். மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டம் எரிந்தது. முஸ்லிம்களில் ஒரு குழந்தையைக்கூட விட்டுவைக்க வேண்டாம் என்ற பொருளில் சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவைக் குறித்து முகநூல் நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்தவர்களுக்கு, அது தமது விதிகளை மீறவில்லை என்ற பதில் வந்தது. அரசாங்கம் மார்ச் 7 ஆம் திகதி சமூக ஊடகங்களை ஒட்டுமொத்தமாக முடக்கி, ஒரு வாரத்துக்குப் பிறகு திறந்தது. இரண்டு வருடங்கள் கழித்து, 2020 மே மாதம், அந்நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நம்மில் பலர் எடுத்த பாடம் "இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக அழிக்கவேண்டும்" என்பது. நான் எடுக்கும் பாடம் வேறு. கொலைக்குத் தூண்டும் பதிவை மக்கள் பார்வையிலிருந்து உடனே எடுக்கவேண்டும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. ஆனால் பார்வையிலிருந்து எடுப்பது ஒன்று, இல்லாமலே ஆக்குவது இன்னொன்று. இல்லாமலே ஆக்கினால் யாருக்கு லாபம்? வீடிழந்தவருக்கு அல்ல, எழுதியவனுக்கே லாபம். நாளை நீதிமன்றத்தில் "நான் அப்படி எழுதவேயில்லை" என்று அவன் நிற்பான். எத்தனை பேர் பரப்பினார்கள், எந்த நாளில் தொடங்கியது, யார் பணம் கொடுத்தார்கள் என்ற தடயமெல்லாம் அந்தப் பதிவோடு போய்விடும். மியன்மாரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிராக எழுதப்பட்டவற்றை முகநூல் 2018 இல் நீக்கியது. பிறகு சர்வதேச நீதிமன்றத்தில் அந்த மக்களுக்காக வழக்குத் தொடுத்த காம்பியா, நீக்கப்பட்ட அதே பதிவுகளைச் சான்றாகப் பெறுவதற்கு அமெரிக்க நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவனுக்கு அவனுக்கெதிரான சொல்லே சான்று என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

அடுத்தது, வெட்டுபவருக்கு மொழி தெரியவேண்டும். இது சின்ன விடயமாகத் தோன்றலாம். இந்நாட்டில் நம் தலையில் விழுந்த அடிகளில் பாதி இந்தச் சின்ன விடயத்தால் வந்தவை. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு வியாபாரி ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரிக்கு, "அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்" என்ற பொருள்பட்ட வரிக்கு, எச்சரிக்கை என்று பொருள் கண்டு கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். எழுதியவர் கைது செய்யப்பட்டார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்தவேண்டும் என்று எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற ஒரு சொல் இருந்தது. கருத்து, பேனா, விசைப்பலகை என்ற சொற்கள் பொலிஸாரின் கண்ணில் படவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவரது உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2023 நவம்பர் ஆகியிருந்தது.

அதே 2020 மே மாதம், மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017 இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதாகச் சொன்னார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அத்தொகுதியிலேயே இருந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு பின்னேரத்தில் அதைச் சொல்லியிருப்பர். ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் சிறையிலிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கவிதைப் புத்தகத்தை வாசித்து முடிக்க இந்நாட்டு அரசுக்கு மூன்றரை வருடங்களுக்கு மேல் எடுத்தது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணவேண்டாம். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். பிக்குகளை இழிவுபடுத்தினார் என்பது அவர்மீதான புகார். சிங்களம் தெரிந்தவர்களே சிங்களக் கதையைச் சிறையிலிட்டார்கள். ஆகவே மொழி தெரிந்தால் மட்டும் போதாது. காரணத்தை எழுத்தில் வைத்து, அதை மற்றவர் கேள்வி கேட்கவும் விடவேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, எது 'பொய்யான கூற்று' என்று பார்த்து அதை எடுக்கும்படி அறிவித்தல் கொடுக்க அச்சட்டம் அதிகாரம் அளித்தது. சட்டமூலத்தின் பல பிரிவுகளைத் திருத்தாமல் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியிருந்தது. அத்திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணைகூட வந்தது. அது 2024 மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது.

"நம்மைத் திட்டுபவர்களை இனி அடக்கலாம்" என்று நம்மவர் சிலர் இச்சட்டத்தை மனதுக்குள் வரவேற்றனர். அவர்களிடம் ஒரு கேள்வி. இனவெறுப்பைத் தண்டிக்கச் சட்டமில்லாமலா திகனை எரிந்தது? சர்வதேச சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம் 2007 இலிருந்தே இருந்தது. அதன் 3 ஆம் பிரிவு இன, மதப் பகைமையைத் தூண்டுவதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தைக் கொண்டே ரம்ஸி ராஸிக்கையும் சத்குமாரவையும் உள்ளே போட்டார்கள். நம்மைக் காப்பதற்கென்று செய்த கத்தி யாருடைய கழுத்தில் விழுந்தது என்று பார்த்த பிறகும் இன்னொரு கத்திக்குக் கைதட்டுவது புத்தியா?

அதிகாரத்துக்கு நாம் எழுதும் சொல்லைவிட, வெட்டப்பட்டது என்று தெரிவதுதான் கூடுதல் பயம். 1975 ஜூனில் இந்தியாவில் அவசரநிலை வந்தபோது 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை தன் தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. வாசகனுக்கு விளங்கியது. அரசுக்கும் விளங்கியது. அதனால்தான் வெற்றிடம் விடுவதையே தணிக்கை விதிகள் தடைசெய்தன. வெட்டு, ஆனால் வெட்டியது தெரியக்கூடாது என்பதே அதன் பொருள். நம் நாட்டில் 2000 மே மாதம் அவசரகாலத் தணிக்கையின் கீழ் யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகைக்கும், கொழும்பில் 'சண்டே லீடர்' பத்திரிகையின் அச்சகத்துக்கும் சீல் வைத்தார்கள். சண்டே லீடர் வழக்குக்குப் போனது. அந்தத் தகுதிவாய்ந்த அதிகாரியின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று ஜூன் முடிவில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஒரு கட்டளை இருந்தது, கட்டளையிட்டவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆகவே வழக்குப் போட முடிந்தது. இன்று ஒரு பதிவு மறைந்தால் யாருக்கெதிராக வழக்குப் போடுவது? பழைய தணிக்கை அதிகாரியைவிடப் புதிய தணிக்கையாளன் பயங்கரமானவன், ஏனெனில் அவனுக்கு முகமில்லை.

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போவது இலேசு. வன்னியில் வாழ்கிறவனுக்கு அந்த இலேசு கிடைக்காது. இந்த மண்ணில் எல்லாக் கொடியின் கீழும் அழிரப்பர் வேலை செய்திருக்கிறது. கவிஞர் செல்வியை 1991 இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை. என்ன குற்றம், யார் விசாரித்தார், என்ன தீர்ப்பு என்று ஒரு தாள் வெளியே வரவில்லை. அதற்கு முந்திய வருடம், 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். ஏனென்று கேட்டவர்களுக்கு மேலிடத்து உத்தரவு என்றார்கள். 2002 ஏப்ரல் 10 ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவிக்கும்வரை பதினொரு வருடங்களுக்கு மேல் சென்றன. வருத்தம் வந்தது, யார் கட்டளையிட்டார், எதற்காக என்ற விபரம் வரவில்லை. பெயரில்லாத கட்டளைக்கு மன்னிப்புக் கேட்பதும் பெயரில்லாமலே முடிகிறது. தண்ணீரூற்றிலும் நாச்சிக்குடாவிலும் இருந்த ஒரு சமூகத்தை ஒரு கிழமைக்குள் பதிவிலிருந்து எடுத்தவர்களுக்கும், ஒரு பதிவை ஒரு நிமிடத்தில் எடுப்பவர்களுக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஆனால் 'காரணம் சொல்லத் தேவையில்லை' என்ற மனம் ஒன்றுதான்.

நம் வீட்டுக்குள்ளும் வருவோம். தமிழ்நாட்டில் தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை 2007 இல் ஒரு கட்டுரைக்காக அவரது ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தது. கட்டுரைக்குப் பதில் கட்டுரை எழுத அறிஞர் இல்லாமலா போனார்கள்? 2012 இல் நம் ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் பிபிசி தமிழோசைக்குச் சொன்ன ஒரு கருத்துக்காக அவரை மிரட்டி, நாட்டைவிட்டே போகச் செய்தார்கள். அந்தக் கருத்தை ஏற்க வேண்டியதில்லை. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் உடன்படாதவன் செய்ய வேண்டியது, அது ஏன் பிழை என்று பத்துப் பேர் கேட்க எடுத்துச் சொல்வது. அதைச் செய்யாமல் "வாபஸ் வாங்கு, இல்லையேல்..." என்றார்கள். வாபஸ் வாங்கவைத்த கருத்துத் தோற்ற கருத்தல்ல, பதில் கிடைக்காத கருத்து. அது அப்படியே கிடந்து வளரும்.

நமது சஞ்சிகைகளும் சுத்தமானவையல்ல. ஆறு பக்கக் கடிதத்தை ஒன்றரைப் பக்கமாக்கி, சுருக்கப்பட்டது என்ற ஒரு சொல்கூட இல்லாமல் எழுதியவர் பெயரிலேயே அச்சிடுகிறார்கள். சுருக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று புள்ளி வைக்க எவ்வளவு மை செலவாகும்? வாதத்தின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் போட்டால், எழுதியவன் மடையன் என்றே வாசகன் நினைப்பான். ஒருவனை எழுதவிடாமல் தடுப்பதைவிட இது கொடியது.

சரி, என்னதான் செய்யவேண்டும் என்கிறீர் என்று கேட்பீர்கள். ஐந்து காரியம் கேட்கிறேன். அரசாங்க ஆணைக்குழுவுக்கும், பெரிய கம்பனிக்கும், பள்ளிவாசல் நிருவாகத்துக்கும், இருநூறு பிரதி அச்சிடும் சிற்றிதழுக்கும் இவை பொருந்தும்.

ஒன்று, வெட்டிய இடத்தில் வெட்டியதாக அடையாளம் இருக்கட்டும். இரண்டு, வெட்டியவர் பெயரும் திகதியும் இருக்கட்டும். பெயர் சொல்ல அஞ்சுகிறவர் வெட்டவே கூடாது. மூன்று, எந்த விதிப்படி என்று ஒரு வரியில் காரணம் இருக்கட்டும். "சமூக நலன் கருதி" என்பது காரணமல்ல, காரணம் இல்லை என்பதன் இன்னொரு பெயர். நான்கு, எழுதியவருடைய மொழியில் வாசிக்கத் தெரிந்தவரே தீர்மானிக்கட்டும், தீர்மானம் பிழையென்றால் முறையிட இன்னோர் இடம் இருக்கட்டும். ஐந்து, வெட்டியது எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கட்டும். எல்லோரும் பார்க்கவேண்டியதில்லை. நீதிமன்றமோ, ஆய்வாளனோ, எழுதியவனோ கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடியதாக இருந்தால் போதும்.

இதெல்லாம் நடைமுறைக்கு உதவாது, ஒரு நாளைக்கு இலட்சக்கணக்கில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் கோடு கீறி ஒப்பம் வைக்க ஆளுக்கு எங்கே போவது என்று சொல்வார்கள். விளம்பரத்துக்காக ஒவ்வொருவனும் எதை எத்தனை விநாடி பார்த்தான் என்று கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, எதை ஏன் எடுத்தோம் என்று கணக்கு வைக்கத் தெரியாதா? சிறிய இடங்களுக்கோ அந்தச் சாட்டுக்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழில் எத்தனை வெட்டு இருந்துவிடப் போகிறது?

ஆகவே இந்தச் சஞ்சிகை உட்பட நம்மவர் நடத்தும் இதழ்களிலிருந்தே தொடங்கலாம் என்று பிரேரிக்கிறேன். ஒவ்வோர் இதழின் கடைசிப் பக்கத்திலும் நான்கு வரி போதும்: இவ்விதழில் யாருடைய எழுத்திலிருந்து எவ்வளவு எடுத்தோம், ஏன் எடுத்தோம், எடுத்தவர் இன்னார். அரசாங்கத்திடம் கேட்பதற்கு முன் நாம் செய்து காட்டுவோம். இக்கட்டுரையில் ஏதேனும் வரி பொருத்தமற்றது என்று ஆசிரியர் குழு கருதினால் தாராளமாக வெட்டலாம். அந்த இடத்தில் மூன்று புள்ளியும் ஓர் ஒப்பமும் வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.